கரண்ட் போய் வந்தபின் சர்வர் எழவில்லை: ரிப்பேரா, நகலா, பேக்கப்பா?

ஐப்பசியில் சிவகாசி காலண்டர் அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் வெளியிட்டு வாங்கிய ஆர்டர்களெல்லாம் அப்போதுதான் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓர் அச்சகத்தில், இடிமழை பெய்த இரவொன்றில் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. முதல் தடவை யூபிஎஸ் தாங்கியது. இரண்டாம் தடவை அதன் பேட்டரி கையை விரித்துவிட்டது. மூன்றாம் தடவை, பாதி எழுந்து கொண்டிருந்த சர்வர் மறுபடி அணைந்தது. காலை ஏழு மணிக்கு முதலாளி போன் செய்தார்: "தம்பி, சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது. என்னமோ இங்கிலீஷ்ல எழுதிட்டு அப்படியே நிக்குது."

திரையில் நின்றது லினக்ஸ் சர்வர் பார்ப்பவர்களுக்குப் பழகிய வாசகம்தான். கோப்பு முறைமையில் (டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைத்திருக்கும் ஏற்பாடு) எதிர்பாராத முரண்பாடு, அதைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை நீங்களே கையால் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, கீழே ரூட் பாஸ்வேர்டு கேட்கும் வரி. டிசைன் பார்க்கும் பையன் போனை வாங்கி, "அண்ணே, மைனஸ் ஒய் போட்டு ஓட்டினா சரியாயிடும்னு யூட்யூப்ல சொல்றாங்க, போடட்டுமா?" என்றான். "கீபோர்டைத் தொடாதே, வர்றேன்" என்றேன்.

மைனஸ் ஒய் என்றால், ரிப்பேர் கருவி கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. அவன் கேட்டதில் தப்பில்லை. பத்துக்கு ஏழு தடவை அந்த வழி வேலை செய்யவும் செய்யும். மீதி மூன்று தடவை என்ன ஆகும் என்பதை நான் வேறோர் இடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். இப்படி ஒரு காலையில் நம் முன்னே இருக்கும் வழிகள் ஐந்து: பேசாமல் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது, அதே டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டுவது, டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து நகலில் ரிப்பேர் ஓட்டுவது, பேக்கப்பை எடுத்து ஊற்றுவது, டேட்டா மீட்கும் லேபுக்கு அனுப்புவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த அடியை எடுத்து வைத்தபின் திரும்பி வர முடியுமா? வேகம், செலவு எல்லாம் அதற்குப் பிறகு.

ஜர்னல் இருந்துமா இப்படி?

லினக்ஸில் அதிகம் பயன்படும் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட் 4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே ஜர்னல் வைத்திருப்பவை. கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்களில் எதை மாற்றுவதானாலும், முதலில் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் உரிய இடத்தில் எழுதும். பாதியில் கரண்ட் போனால், அடுத்த தடவை மவுண்ட் செய்யும்போது (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் திறக்கும்போது) குறிப்பேட்டைப் பார்த்து விட்ட வேலையை முடித்துக்கொள்ளும். சில நொடி வேலை. அதனால்தான் பெரும்பாலான சர்வர்கள் கரண்ட் போய் வந்ததை நமக்குச் சொல்லாமலே எழுந்துவிடுகின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட் 4 ஜர்னலில் எழுதுவது விவரங்களை மட்டுமே, கோப்பின் உள்ளடக்கத்தை இல்லை. ஜர்னல் 5 நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்குக்குப் போகும். புதிதாக எழுதிய உள்ளடக்கமோ அரை நிமிடம் வரை மெமரியில் காத்திருக்கலாம். ஆகவே கரண்ட் போவதற்கு முந்தைய அரை நிமிட வேலை போனால் அதில் வியப்பில்லை. அது டிஸ்க்கையே தொடவில்லை. எந்தக் கருவியும் அதைத் திருப்பித் தராது. வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சரி, ஜர்னலையும் மீறிப் பழுது எப்படி வருகிறது? டிஸ்க்கின் உள்ளே சின்னதாக ஒரு கேஷ் மெமரி இருக்கிறது. எழுதிவிட்டேன் என்று டிஸ்க் சொல்லும். எழுதியது அந்த மெமரியில்தான் இருக்கும். ஒழுங்கான டிஸ்க், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்கும்போது அதை உடனே தட்டில் இறக்கிவிடும். எல்லா டிஸ்க்கும் ஒழுங்கானது இல்லை. விலை குறைந்த எஸ்எஸ்டிகளில், கரண்ட் போனபின் கடைசி எழுத்தை முடிக்கத் தேவையான கெபாசிட்டர்கள் இருக்காது. சர்வருக்கென்று செய்யும் எஸ்எஸ்டியில் இருக்கும், விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அதற்குத்தான். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் ரெய்டு கார்டில் எழுத்து கேஷை ஆன் செய்துவிட்டுப் பேட்டரியை மாற்றாமல் விட்டால், பழுது ஜிகாபைட் கணக்கில்கூட வரும்.

இன்னொன்று, பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு). அதன் சரிபார்ப்பு எண் பொருந்தாது. அப்புறம் அது படிக்காது. இதற்கெல்லாம் மேலே, பழுது மாதக்கணக்காக உள்ளேயே இருந்து, இன்றைய ரீபூட்டில்தான் வெளியே வந்திருக்கவும் கூடும். கரண்ட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு டிஸ்க்கைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

எனவே எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் டிஸ்க்கிடம் பேச வேண்டும். ஒரு பென்டிரைவ் லினக்ஸில் ஏற்றி, டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல், ஸ்மார்ட் என்னும் அதன் உடல்நிலைப் பதிவைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களில் வரும் வரிகள் முக்கியம். 5 என்பது ஏற்கெனவே மாற்றிவைத்த செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 சரிசெய்யவே முடியாதவை. இவை பூஜ்ஜியம் என்றால் டிஸ்க்கை ஓரளவு நம்பலாம். 199 ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. ஐம்பது ரூபாய் கேபிளுக்காக ஒரு டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கூடவே கெர்னல் செய்திகளில் ஐ/ஓ எரர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ஸ்டார்ட் செய்வதும் அதே டிஸ்க்கில் ரிப்பேரும்

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவை ரீபூட் செய்து பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை, ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால். பத்துத் தடவை செய்வதுதான் ஆபத்து. வாசிக்க மட்டும் என்று சொல்லி எக்ஸ்ட் 4-ஐ மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை ஓட்டி டிஸ்க்கில் எழுதும் என்பது பலருக்குத் தெரியாது. நிஜமாகவே ஒரு எழுத்தும் எழுதக்கூடாது என்றால் நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அதன் பெயர் நோரெகவரி.

இரண்டாவது வழிதான் பையன் சொன்னது. அதை எடைபோட, பூட் ஆகும்போது என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். பூட்டின்போது எஃப்எஸ்சிகே தானாகவே ஒரு தடவை ஓடும், மைனஸ் பி என்ற பாணியில். எந்தச் சந்தேகமும் இல்லாமல் சரிசெய்யக்கூடிய சில்லறைப் பிழைகளை அது யாரையும் கேட்காமல் சரிசெய்துவிடும். கொஞ்சம் விவகாரமான பிழை என்றால் கையை எடுத்துவிட்டு நம்மைக் கூப்பிடும். அந்த வாசகம் திரையில் நிற்கிறது என்றால், தானாகத் தீர்க்கத் துணியாத ஏதோ ஒன்றை அந்தக் கருவி பார்த்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் மைனஸ் ஒய் கொடுப்பது, அதுவே தயங்கி நம்மிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் படிக்காமலே ஆமாம் என்று தலையாட்டுவது.

அதோடு, எஃப்எஸ்சிகே யாருக்காக வேலை செய்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். அதன் குறிக்கோள் கோப்பு முறைமை முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பது. உங்கள் கோப்புகள் இருக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோளில் இல்லை. முரண்படும் கோப்பைத் தூக்கிவிட்டால் முரண் தீர்ந்துவிடும். அதன் பார்வையில் அது வெற்றி. எல்லாவற்றையும் அழித்துவிட்ட டிஸ்க்கைவிடச் சுத்தமான கோப்பு முறைமை வேறில்லை.

வேலை தெரியாத காலத்தில் நான் பட்டதும் இதுதான். ஒரு கல்லூரி ஆய்வகத்தின் சர்வர். இதே மாதிரி கரண்ட் போய் வந்தது. நான் ஸ்மார்ட் பார்க்கவில்லை. மைனஸ் ஒய் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சர்வர் ஜம்மென்று எழுந்து நின்றது. ஹோம் அடைவு காலி. பெயரும் இடமும் தொலைந்த கோப்புகளை ரிப்பேர் போட்டுவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்தான் பெயர். எது யாருடைய ப்ராஜெக்ட் என்று பிரித்துக் கொடுக்க இரண்டு வாரம் ஆயிற்று. பிரிக்க முடியாமல் போனவையும் உண்டு.

என்ன நடந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. படிக்க முடியாத ஒரு பிளாக்கை எதிர்கொள்ளும்போது எக்ஸ்ட் 4 ரிப்பேர் கருவி இரண்டு கேள்வி கேட்கும்: பிழையைப் புறக்கணிக்கவா, அந்த இடத்தில் கட்டாயமாக எழுதவா? மைனஸ் ஒய் இரண்டுக்கும் ஆமாம் சொல்லிவிடும். எழுதியவுடனே டிஸ்க் அந்தச் செக்டரைப் புதுசாக்கிவிடும், அல்லது வேறிடத்துக்கு மாற்றிவிடும். இன்னும் நாலு தடவை முயன்றிருந்தால் ஒருவேளை படித்திருக்கக்கூடிய பழைய எழுத்து அத்தோடு போயிற்று. டிஸ்க் நோயாளியாக இருக்கும்போது அதிலேயே ரிப்பேர் ஓட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

டிஸ்க் சுத்தமாக இருக்கிறது, நேற்றிரவு பேக்கப்பும் இருக்கிறது, அதைத் திறந்தும் பார்த்துவிட்டீர்கள் என்றால் அதே இடத்தில் ரிப்பேர் நியாயமான வழிதான். வேகமானதும்கூட, இப்போதைய எக்ஸ்ட் 4-இல் 2 டெரா டிஸ்க்குக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் மைனஸ் ஒய்க்கு முன்னால் மைனஸ் என் போடுங்கள். எதையும் எழுதாமல், என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். அதில் ஒரு சூட்சுமம்: எழுதாத பாணியில் ஜர்னலையும் அது ஓட்டாது. ஆகவே ஜர்னல் ஓடினாலே மறைந்துவிடும் பிழைகளையும் பட்டியலில் சேர்த்துப் பயமுறுத்தும்.

பட்டியலின் நீளத்தைவிட அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்தாவது கட்டத்தில் வரும் காலி பிளாக் எண்ணிக்கை தப்பு என்பது போன்றவை வெறும் கணக்குப் பிழை. ஆயிரம் வந்தாலும் கவலையில்லை. முதல் கட்டத்திலேயே ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடுவதாகவோ, ரூட் ஐநோட் (எல்லாவற்றுக்கும் மேலான அடைவின் அடையாளப் பதிவு) அடைவாகவே இல்லை என்றோ வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

மைனஸ் இசட் என்று இன்னொரு விருப்பமும் உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய வடிவத்தையும் வேறொரு டிஸ்க்கில் உள்ள கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். முடிவு பிடிக்காவிட்டால் இ2அன்டூ கட்டளையால் திரும்பிப் போகலாம். அதே டிஸ்க்கில்தான் ரிப்பேர் ஓட்டியாக வேண்டிய நிலை வந்தால், இது இல்லாமல் நான் ஓட்டுவதில்லை.

மவுண்ட் ஆகியிருக்கும் கோப்பு முறைமையில் ரிப்பேர் ஓட்டக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். போன வருடம்கூட ஒருவர் ஓட்டிவிட்டுக் கூப்பிட்டார். ஆகவே சொல்லிவிடுகிறேன்: கூடாது.

நகல் எடுத்துவிட்டு ரிப்பேர்

இந்த வழிக்கு எதிராக எல்லாரும் சொல்வது நேரம். 2 டெரா டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். பழுதான செக்டர் இருந்தால் இன்னும் கூடும். குறைந்தது அதே அளவுள்ள இன்னொரு டிஸ்க்கும் வேண்டும். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும்.

அதற்குக் கிடைக்கும் பலன், எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பு செய்யலாம் என்பது. நகலில் மைனஸ் ஒய் போட எனக்குக் கூச்சமே இல்லை. கெட்டுப்போனால் மறுபடி நகல்.

நகலெடுக்க லினக்ஸின் வழக்கமான டிடி கட்டளை போதாதா என்று கேட்பார்கள். நல்ல டிஸ்க்குக்குப் போதும். நோயாளி டிஸ்க்கில் டிடி முதல் பிழையிலேயே நின்றுவிடும். பிழையைத் தாண்டிப் போகச் சொன்னாலும், எங்கே தாண்டினேன் என்று குறிப்பு வைத்துக்கொள்ளாது. குனூ டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, கடைசியில் திரும்பி வந்து அவற்றில் முட்டிப் பார்க்கும். டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் கண்ணை மூடலாம் என்னும் நிலையில் இந்த வரிசைதான் உயிர். குறிப்புக் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள்; நடுவில் மறுபடி கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். (எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மறந்துவிட்டார்கள்.)

நகல் முடிந்தபின் பழைய டிஸ்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இருக்கும். இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் எக்ஸ்ட் 4 எதை மவுண்ட் செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. எக்ஸ்எஃப்எஸ் இந்த விஷயத்தில் கறார். இரட்டையைப் பார்த்தால் மவுண்ட் செய்யவே மறுத்துவிடும்.

டிஸ்க் நன்றாக இருந்து, கோப்பு முறைமை மட்டும் குழம்பியிருந்தால் முழு நகலும் தேவையில்லை. டிவைஸ் மேப்பர் மூலம் டிஸ்க்கின் மேல் ஓர் ஓவர்லே போட்டுக்கொண்டால், எழுதுவதெல்லாம் வேறொரு கோப்புக்குப் போகும், அசல் அப்படியே இருக்கும். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்கு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நிலையைப் பிடித்துவைத்த பதிவு, இதையே செய்யும். சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் இன்னும் சுலபம். அணைத்து, ஒரு ஸ்னாப்ஷாட், அப்புறம் ரிப்பேர். கிளவுடில் சர்வர் வைத்துக்கொண்டு ஸ்னாப்ஷாட் எடுக்காமல் ரிப்பேர் ஓட்டுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை.

அச்சகத்துக்கு வருகிறேன். ஸ்மார்ட்டில் 197-ஆம் வரி 16 என்று காட்டியது. இப்போதைய டிஸ்க்குகளின் நிஜச் செக்டர் 4 கிலோபைட். கணக்கு மட்டும் 512 பைட்டில் காட்டும். ஆக 16 என்றால் இரண்டே இரண்டு துண்டு. பேக்கப் ஞாயிற்றுக்கிழமையுடையது, அன்று வியாழன். நாலு நாள் காலண்டர் டிசைன் வேலை அந்த டிஸ்க்கில் மட்டும்தான். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை, நகல்தான். பிளேட் எடுத்து முடித்த வேலைகள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததால் முதலாளியும் பொறுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தொடங்கிய நகல் இரண்டு மணிக்கு முடிந்தது. இரண்டு துண்டில் ஒன்று மூன்றாம் முயற்சியில் படித்தது. இன்னொன்று கடைசிவரை மசியவில்லை. அது விழுந்திருந்த இடம் ஐநோட் அட்டவணை. ஒரு ஐநோட் 256 பைட் என்பதால் அந்த 4 கிலோபைட்டில் 16 ஐநோட், அதாவது 16 கோப்புகளின் அடையாள அட்டை. 2 டெராவில் 16 கோப்புதானே என்று தோன்றும். அதில் ஒன்று அடைவு. ஒரு வாடிக்கையாளரின் அடைவு. அடைவின் ஐநோட் போனால் உள்ளே இருந்த கோப்புகள் அனாதையாகும். ரிப்பேர் ஆறு நிமிடத்தில் முடிந்தது. அந்த வாடிக்கையாளரின் கோப்புகள் எண்களைப் பெயராகப் போட்டுக்கொண்டு லாஸ்ட்+ஃபவுண்டில் உட்கார்ந்திருந்தன. ஞாயிறு பேக்கப்பில் அதே அடைவு முழுப் பெயர்களோடு இருந்தது. செக்சம் ஒப்பிட்டுப் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வைத்தோம். பேக்கப்பில் இல்லாத ஐந்தாறு கோப்பை டிசைன் பையன் திறந்து பார்த்தே அடையாளம் சொல்லிவிட்டான். நாலு மணிக்கு சர்வர் எழுந்தது.

மைனஸ் ஒய் முதலிலேயே போட்டிருந்தால் எட்டு மணிக்கு எழுந்திருக்கும், உண்மைதான். மூன்றாம் முயற்சியில் படித்த அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை என்பதுதான் எட்டு மணி நேரத்துக்குக் கிடைத்த கூலி.

பேக்கப்பும் லேபும்

பேக்கப் நேற்றிரவுடையது, நாளுக்குள் நடந்த மாற்றம் கொஞ்சம், புது டிஸ்க் கையில் இருக்கிறது என்றால் நான் ரிப்பேரே செய்ய மாட்டேன். நேராகப் புது டிஸ்க்கில் ஊற்றிவிடுவேன். ரிப்பேர் செய்த கோப்பு முறைமையில் எது சரி, எது தப்பு என்று மாதக்கணக்கில் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பதைவிட, ஒரு நாள் பழசான, முழுசாக நம்பக்கூடிய நகல் மேல். முந்தின நாள் மாற்றங்களை மட்டும் பழைய டிஸ்க்கிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். மவுண்ட் ஆகாவிட்டால் எக்ஸ்ட் 4-இன் உள்ளே நேராகப் பார்க்கும் கருவியான டீபக்எஃப்எஸ்ஸைப் பேரழிவுப் பாணியில் திறந்து, ஆர்டம்ப் கட்டளையால் ஓர் அடைவை முழுசாக வெளியே எடுக்கலாம். அசலில் ஒரு பைட்டும் மாறாது. பேக்கப்பும் பொறுக்குதலும் சேர்ந்த இந்தக் கலப்பு வழியைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிரர் ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். கோப்பு முறைமை குழம்பினால் குழப்பத்தையும் இரண்டு டிஸ்க்கில் அச்சுப் பிசகாமல் எழுதிவைக்கும். கரண்ட் போய் வந்தபின் ரெய்டு தன்னைத்தானே ஒத்திசைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அது முடியட்டும். எழாத ரெய்டை எழுப்புவதற்காக புதிதாக ரெய்டு உருவாக்கும் எம்டிஅட்மின் கிரியேட் கட்டளையை மட்டும் தொட்டுவிடாதீர்கள். டிஸ்க்குகளின் வரிசையை ஒரு இடம் மாற்றிச் சொன்னாலும் ரிப்பேருக்கும் வழியில்லாமல் போகும்.

லேபுக்கு எப்போது? டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம், அல்லது பயாஸிலேயே தெரியவில்லை, அல்லது டிடிரெஸ்க்யூ நிமிடத்துக்கு நிமிடம் வேகம் குறைந்து நின்றே போகிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். தட்டுக்கு மேலே தலை உரசிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் நாம் முயலும் ஒவ்வொரு நிமிடமும் லேபுக்குக் கிடைக்கக்கூடியதைக் குறைக்கிறது. செலவு அதிகம்தான். கோப்புகளின் மதிப்பு அதைவிட அதிகமா என்று டிஸ்க்கின் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவை நாம் எடுக்கக் கூடாது.

எக்ஸ்ட் 4 அல்லாதவை

ரெட்ஹாட் 2014-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ்ஸைத்தான் இயல்பாகத் தருகிறது. ஆகவே அந்தக் குடும்பத்து சர்வர் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ட் 4 பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பூட்டின்போது ஓடும் எஃப்எஸ்சிகே எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ஒன்றுமே செய்யாது. பெயருக்கு ஓடிவிட்டுப் போகும். நிஜக் கருவி எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர். ஜர்னலில் ஓடாத குறிப்புகள் இருந்தால் அது வேலை செய்ய மறுத்து, முதலில் மவுண்ட் செய்து ஜர்னலை ஓட்டு என்று சொல்லும். மவுண்ட் முடியாவிட்டால் மைனஸ் எல் போடு என்றும் அதே செய்தியில் இருக்கும். அவசரத்தில் இருப்பவர் கண்ணில் அந்த மைனஸ் எல் மட்டும்தான் படும். அது ஜர்னலையே அழித்துவிட்டு ரிப்பேரைத் தொடங்கும் விருப்பம். மவுண்ட் செய்து பார்த்து, தோற்று, நகலும் எடுத்தபின் போட வேண்டியதை முதல் கட்டளையாகப் போட்டுவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரிப்பேர் விருப்பத்தை, விஷயம் தெரிந்தவர் சொன்னாலொழியத் தொடாதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதற்கு முன் பழைய ரூட்டை வைத்து மவுண்ட் செய்து பார்க்கலாம். ரெஸ்டோர் கட்டளை அசலைத் தொடாமல் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துத் தரும். இசட்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ்சிகே என்பதே கிடையாது. பூல் (அதன் டிஸ்க்குகளின் தொகுப்பு) திறக்காவிட்டால் இம்போர்ட் கட்டளையோடு பெரிய எஃப் சேர்த்தால், கடைசிச் சில பரிமாற்றங்களைக் கைவிட்டு முந்தின நல்ல நிலைக்குப் போகும். கூடவே சின்ன என் சேர்த்தால் செய்யாமல், முடியுமா என்று மட்டும் பார்க்கும்.

கோப்பு முறைமை சுத்தம், டேட்டாபேஸ்?

அச்சகத்தின் கணக்கு மைஎஸ்க்யூஎல்லில் இருந்தது, நல்லவேளையாக வேறு டிஸ்க்கில். எஃப்எஸ்சிகே சுத்தம் என்று சொல்லிவிட்டது என்பதற்காக டேட்டாபேஸை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் அதன் டேட்டா அடைவை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தன்னிடமுள்ள ரீடூ லாகையும் இரட்டை எழுத்துப் பகுதியையும் வைத்துப் பெரும்பாலும் தானே மீண்டுவிடும். மீளாவிட்டால் ஃபோர்ஸ் ரெகவரி என்ற எண்ணை 1 முதல் 6 வரை ஏற்றலாம். 3 வரை ஓரளவு பயமில்லை. 4-உம் அதற்கு மேலும் போனால் டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. எந்த எண்ணில் எழுந்தாலும் உடனே டம்ப் எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்று தொடங்கி அதில் ஏற்றுவதுதான் முறை. அப்படியே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், அதன் ஜர்னலைத் துடைத்துவிடும் பிஜி ரீசெட்வால் என்றொரு கட்டளை இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் மைனஸ் எல்லுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதே மரியாதையோடு தள்ளி நில்லுங்கள்.

அன்று மாலை யூபிஎஸ் பேட்டரியை மாற்றினோம். நட் மென்பொருளைப் போட்டு, பேட்டரி இறங்கினால் சர்வர் தானே முறையாக அணையும்படி செய்தேன். கரண்ட் வந்தவுடன் தானாக எழும் பயாஸ் அமைப்பையும் நிறுத்திவிட்டேன், மூன்றாம் தடவை நடந்த விபத்து அதனால்தான் என்பதால். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆளில்லாத இடத்தில் இருக்கும் சர்வர் தானாக எழத்தான் வேண்டும்.

கிளம்பும்போது முதலாளி பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்து, "இதை எடைக்குப் போட்டுரலாமா தம்பி?" என்றார். "பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் அண்ணாச்சி" என்று, அதன்மேல் தேதியும் 16 என்ற எண்ணும் எழுதி ஒட்டி பீரோவில் வைத்தேன். மார்கழியில் ஒரு நாள் பையன் போன் செய்தான். ஒரு கோப்பு திறக்கவில்லையாம். "அந்த டிஸ்க் பீரோவில்தானே இருக்கு?" என்று கேட்டேன்.